மொட்டைக் கடிதத்தின் மொழி

பெயரோ முகவரியோ இல்லாமல் வரும் மிரட்டல் கடிதத்தை இரண்டு விதமாக ஆராயலாம். கையெழுத்து, தாள், மை, அஞ்சல் முத்திரை ஆகியவற்றைப் பார்ப்பது ஆவணத் தடயவியல். அதிலுள்ள சொற்கள், வாக்கிய அமைப்பு, எழுத்துப் பிழை, நிறுத்தக்குறி ஆகியவற்றைப் பார்த்து, எழுதியவர் எந்த வட்டாரத்தவர், ஏறக்குறைய என்ன வயது, எவ்வளவு படித்தவர், என்ன தொழில் செய்பவர் என்று கணிப்பது தடய மொழியியல். தட்டச்சு செய்த தாளிலும் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப் செய்தியிலும் கையெழுத்துக்கு இடமில்லை. சொல் மட்டும் மிஞ்சுகிறது. கடிதம் எழுதும் வழக்கம் அருகிவிட்ட காலத்தில் இந்தத் துறைக்கு வேலை கூடியிருப்பது அதனால்தான்.

இதில் இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. சந்தேகப்பட ஆளே இல்லாதபோது, கடிதத்தை மட்டும் வைத்து எழுதியவரைப் பற்றி ஒரு வரைபடம் தீட்டுவது முதல் வேலை. சந்தேக நபர்கள் சிலர் அகப்பட்டபின், அவர்கள் எழுதிய வேறு எழுத்துகளோடு கடிதத்தை ஒப்பிடுவது இரண்டாவது. முன்னது தேடும் பரப்பைச் சுருக்கும். பின்னது ஒருவரைச் சுட்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட இடங்களில்தான் இந்தத் துறை பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

கடிதத்தின் மொழி எழுதியவரைச் சுட்டியதற்கு இந்தியாவில் தெளிவான எடுத்துக்காட்டு ஒடிசாவின் பட்நாகர் வழக்கு. 2018 பிப்ரவரி 23 அன்று, பலாங்கீர் மாவட்டத்திலுள்ள அந்தச் சிற்றூரில், திருமணமாகி ஐந்தே நாளான ஒரு வீட்டுக்குக் கூரியரில் கல்யாணப் பரிசு ஒன்று வந்தது. பிரித்ததும் வெடித்தது. மணமகனும் அவர் குடும்பத்து மூதாட்டி ஒருவரும் இறந்தனர். மணப்பெண் படுகாயத்தோடு பிழைத்தார். பொட்டலம் சத்தீஸ்கரின் ராய்ப்பூரிலிருந்து பொய்ப் பெயரில் அனுப்பப்பட்டிருந்தது. குடும்பத்துக்குச் சொல்லும்படியான பகையில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோரை விசாரித்தும் நூல் பிடிக்க ஒரு முனை கிடைக்கவில்லை.

ஏப்ரலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. மூன்று பேர் சேர்ந்து இந்தத் 'திட்டத்தை' மேற்கொண்டதாகவும், அவர்கள் காவல்துறைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டதாகவும், மணமகன் செய்த துரோகமே காரணம் என்றும், அப்பாவிகளைத் துன்புறுத்துவதை நிறுத்தும்படியும் அது சொன்னது. போகிற போக்கில் ஒரு திருத்தமும் செய்தது: அனுப்புநர் பெயர் 'சர்மா' இல்லை, 'சின்ஹா'. அப்போது குற்றப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய அருண் போத்ரா கூரியர் ரசீதை மீண்டும் எடுத்துப் பார்த்தார். கிறுக்கலாக இருந்த அந்தப் பெயரைக் காவலர்கள் தவறாகப் படித்திருந்தனர். 'சின்ஹா' என்பதே பொருந்தியது. ரசீதில் என்ன எழுதப்பட்டது என்பது எழுதியவனுக்குத்தான் தெரியும். ஆக, கடிதம் வேறு யாரோ தந்த துப்பாக இருக்க முடியாது, கொலையாளியே எழுதியது.

இதுவரை இது புலனாய்வாளரின் கூர்மை. மொழி இதற்குப் பிறகுதான் உள்ளே வருகிறது. மணமகனின் தாயார் கல்லூரி ஆசிரியை. கடிதத்தைப் படித்ததும் அதன் நடையும், வேலையை முடிப்பதைத் 'திட்டத்தை நிறைவேற்றுவது' என்று சொல்லும் பாங்கும் தம் கல்லூரியின் ஆங்கில விரிவுரையாளர் ஒருவருடையவை போலிருப்பதாகச் சொன்னார். அந்த விரிவுரையாளர் முன்பு அதே கல்லூரியின் முதல்வர். பதவி அவரிடமிருந்து இந்த அம்மையாருக்குப் போயிருந்தது. காரணமும் ஆளும் ஒரே இடத்தில் கூடின. அவர் கைதானார். 2025 மே 28 அன்று பட்நாகர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது, கடிதத்தை அடையாளம் கண்டவர் மொழியியலாளர் இல்லை, உடன் பணிபுரிந்தவர் என்பதுதான். பல ஆண்டுகள் ஒருவரின் சுற்றறிக்கைகளையும் குறிப்புகளையும் படித்த காதுக்கு அவர் நடை பழகிவிடுகிறது. அறிவியல் சேர்ப்பது அந்தக் காதின் கணிப்பைச் சோதித்துப் பார்க்கும் முறையை மட்டுமே. இன்னொன்று: கடிதம் ஆளைக் காட்டியது, ஆனால் அதோடு விசாரணை நிற்கவில்லை. வெடிபொருளைத் திரட்டியதும் ராய்ப்பூருக்குப் போய்வந்ததும் தனியே தேடப்பட்டன. மொழித் தடயம் வாசலைத் திறந்தது, அவ்வளவே.

இதே மாதிரி ஒரு கடிதம் தமிழில் எழுதப்பட்டிருந்தால் எவற்றைப் பார்க்க வேண்டும்? தமிழ் இதற்கு வளமான மொழி, அதே அளவுக்குச் சிக்கலான மொழியும்கூட. எழுத்துத் தமிழ் ஒன்று, பேச்சுத் தமிழ் பல. யாரும் கடிதத்தில் வட்டார வழக்கை அப்படியே எழுதுவதில்லை. பள்ளியில் படித்த பொதுத் தமிழுக்கு மாறிக்கொள்கிறார்கள். ஆனால் பொதுத் தமிழில் மாற்றுச் சொல் இருப்பதே தெரியாத இடங்களில் வட்டாரம் எட்டிப் பார்க்கும். உறவுப் பெயர், வீட்டுப் பண்டம், உடை, உணவு, நேரம், பாசனம் ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள்.

திருச்சியிலிருந்து காவிரியை ஒட்டி மேற்கே சுமார் நாற்பது கிலோமீட்டர் சென்றால் வரும் முசிறி இதற்கு நல்ல சோதனைக் களம். ஊர் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் குளித்தலை, அது கரூர் மாவட்டம். மேற்கே தொட்டியம், காட்டுப்புத்தூர் தாண்டினால் நாமக்கல் மாவட்டம், அதாவது கொங்கு வழக்கு. கிழக்கே திருச்சி, அதற்கப்பால் தஞ்சை வழக்கு. அப்பாவின் தாயை 'அப்பாயி' என்பது திருச்சி, தஞ்சைப் பக்கம் பரவலான வழக்கு. மதுரை, சிவகங்கைப் பக்கம் 'அப்பத்தா'. நெல்லையில் பாட்டி 'ஆச்சி'. அதே 'ஆச்சி' செட்டிநாட்டில் பாட்டியைக் குறிக்காது. அக்காளையும் மரியாதைக்குரிய பெண்ணையும் குறிக்கும். அம்மாவின் தந்தையை 'அப்புச்சி' என்று எழுதுபவரும், விருந்தாளிகளை 'ஒரம்பரை' என்பவரும், சாப்பாட்டுத் தட்டை 'வட்டல்' என்பவரும் முசிறிக்கு மேற்கே தேடப்பட வேண்டியவர்கள். கட்டியிருக்கும் துணியைக் 'கைலி' என்பவரையும் 'சாரம்' என்பவரையும் ஒரே மாவட்டத்தில் தேடுவது வீண். முசிறி போன்ற எல்லையூரில் இரண்டு பக்கத்துச் சொற்களும் ஒரே வீட்டில் புழங்கும். பெண் கொடுத்து எடுத்த வீடுகளில் மருமகளோடு சொல்லும் ஊர் மாறி வரும். ஆகவே ஒரு சொல்லை வைத்து ஊரைச் சொல்லிவிட முடியாது. நாலைந்து சொற்கள் ஒரே திசையைக் காட்டினால் அந்தத் திசையில் போகலாம்.

திருச்சி நகரத்துக்குள்ளேயே இன்னொரு வழக்கு இருக்கிறது. ஸ்ரீரங்கத்து வைணவக் குடும்பங்களில் சமையல் 'தளிகை', ரசம் 'சாத்தமுது', பாயசம் 'திருக்கண்ணமுது', பொரியல் 'கறியமுது'. கோயில் பெருமாளைப் பார்ப்பதில்லை, 'சேவிப்பது'. ஊரின் பெயரை எழுதும் விதமே எழுதுபவரைப் பற்றிச் சிறிது சொல்லும். 'ஸ்ரீரங்கம்' என்பது அலுவலக எழுத்து. 'திருவரங்கம்' பாசுர மரபில் ஊறியவரிடமும் தனித்தமிழ்ப் பற்றாளரிடமும் வரும், அதாவது ஒன்றுக்கொன்று தொலைவான இரு கூட்டத்திடம். 'சீரங்கம்' பேச்சுக்கு நெருக்கமானது. இந்த மூன்றாவதைத்தான் ஆய்வாளர் கூர்ந்து பார்ப்பார், ஏனென்றால் யாரும் யோசித்து அப்படி எழுதுவதில்லை.

வட்டாரச் சொல்லைத் தேட நூல்களும் உண்டு. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வழக்குக்கும், பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வழக்குக்கும், கண்மணி குணசேகரன் பின்னர் நடுநாட்டு வழக்குக்கும் சொல்லகராதிகள் தந்திருக்கிறார்கள். இலக்கியத்துக்காகத் திரட்டப்பட்ட இவை காவல் நிலையத்திலும் பயன்படும் என்று அவர்கள் நினைத்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

எழுத்துப் பிழைகள் சொற்களைவிட நம்பகமானவை, ஏனென்றால் அவை எழுதுபவருக்கே தெரியாமல் விழுகின்றன. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் ரகர றகர வேறுபாடு மறைந்துவிட்டது. எனவே அந்தப் பிழைகள் இங்கே மிகுதி. கன்னியாகுமரிப் பகுதியிலும் இலங்கைத் தமிழிலும் அந்த வேறுபாடு இன்னும் ஒலிப்பதால் அங்குள்ளோர் இதில் குறைவாகவே தடுமாறுவார்கள். ழகரத்தை ளகரமாக எழுதுவது ஒரு வகைப் பிழை. ளகரம் வர வேண்டிய இடத்தில் 'வழர்ச்சி' என்று ழகரம் போடுவது இன்னொரு வகை. தன் ஒலிப்பில் குறை இருப்பதை அறிந்து, திருத்தப்போய் அதிகமாகத் திருத்திவிட்டவரின் பிழை அது. ஓரளவு படித்து, படிப்பைக் குறித்துக் கூச்சமும் கொண்டவரிடம் இது கூடுதலாகத் தென்படும்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதும் விதம் கடலின் இக்கரையையும் அக்கரையையும் பிரித்துவிடும். 'டிக்கெட்', 'டொராண்டோ', 'மார்க்கெட்' என்று எழுதுபவர் தமிழ்நாட்டுக்காரர். 'ரிக்கற்', 'ரொறன்ரோ', 'மார்க்கற்' என்று எழுதுபவர் யாழ்ப்பாணத்திலோ அங்கிருந்து புலம்பெயர்ந்த குடும்பத்திலோ தமிழ் கற்றவர். பேசுவதைக் 'கதைப்பது' என்றும் விரைவைக் 'கெதி' என்றும் எழுதாமல் அடக்கிக்கொள்ளத் தெரிந்தவருக்கும் இந்த எழுத்துமுறை கையோடு வந்துவிடும்.

வயதைக் காட்டும் தடயம் ஒன்றும் தமிழுக்கே உரியதாக உண்டு. 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகள் பழைய சுழிகளையும் கொம்புகளையும் இழந்து இன்றைய வடிவம் பெற்றன. அதற்கு முன் தொடக்கப் பள்ளியை முடித்தவர்கள் இன்று ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். கையால் எழுதிய கடிதத்தில் பழைய 'லை' வந்தால் எழுதியவர் இளைஞராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் புதிய 'லை' வந்தால் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. முதியவர்களில் பலர் புதிய வடிவத்துக்கு மாறிவிட்டார்கள். இந்தத் துறையில் பல தடயங்கள் இப்படி ஒருபக்கமாகவே பேசும்: இருந்தால் பொருள் உண்டு, இல்லாமை எதையும் சொல்லாது. 'ஐயா'வை 'அய்யா' என்று விடாமல் எழுதுபவர் பெரியார் இயக்க ஏடுகளைப் படித்து வளர்ந்தவராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மிரட்டல் கடிதத்தின் தலைப்பில் பழக்கதோஷத்தால் பிள்ளையார் சுழி போடுபவரின் மதத்தைப் பற்றி அதிகம் சந்தேகிக்க வேண்டியதில்லை. 'கர்த்தர்' என்று எழுதுபவர் சீர்திருத்தச் சபை வேதாகமத்தில் ஊறியவர்; 'சேசு', 'சர்வேசுரன்' என்று எழுதுபவர் பழைய கத்தோலிக்கச் செபப் புத்தகத்தில் வளர்ந்தவர்.

இவ்வளவையும் தெரிந்தவர் மறைக்கவும் முயல்வார். அமெரிக்காவில் மொழியியலாளர் ராஜர் ஷை ஆராய்ந்த ஒரு கடத்தல் கடிதம் இந்தத் துறையின் பாடநூல்களிலெல்லாம் வரும். எளிய சொற்கள் சிலவற்றைப் பிழையாக எழுதியிருந்த கடத்தல்காரர், அவற்றைவிடக் கடினமான சொற்களைச் சரியாக எழுதியிருந்தார்; நிறுத்தக்குறிகளும் ஒழுங்காகவே விழுந்திருந்தன. படிக்காதவர் போல நடிக்கும் படித்தவர் அவர். நடைபாதைக்கும் சாலைக்கும் இடையிலுள்ள புல் பட்டையை ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்து மக்கள் மட்டும் 'சாத்தான் பட்டை' என்பார்கள். கடிதத்தில் அந்தச் சொல் இருந்தது. பிழையை நடிக்கத் தெரிந்தவருக்குத் தன் ஊர்ச் சொல் ஊர்ச் சொல்லென்றே தெரியவில்லை. சந்தேகப் பட்டியலில் ஆக்ரன்காரரான படித்தவர் ஒருவரே இருந்தார். தமிழிலும் 'கொலை'யைக் 'கொளை' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் 'நிர்ப்பந்தம்' என்பதில் ஒற்றுப் பிழையில்லாமல் எழுதுபவரைச் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் மறைப்புக்கு இதைவிடப் பழக்கமான வழி மனுத் தமிழ். 'மேற்படி நபர்', 'சமூகத்திற்குத் தாழ்மையுடன்', 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு' என்று போகும் அந்த நடை யாருடையதும் இல்லை. எல்லாருடைய வட்டாரத்தையும் அது மூடிவிடும். கிராம நிர்வாக அலுவலரைப் பற்றியோ கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றியோ வரும் மொட்டை மனுக்களில் பெரும்பாலானவை இந்த நடையில்தான் இருக்கும். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. முசிறி போன்ற வட்டத் தலைநகரங்களில் வட்டாட்சியர் அலுவலகத்தையும் நீதிமன்றத்தையும் சுற்றி மனு எழுதித் தருபவர்களும் பத்திர எழுத்தர்களும் உண்டு. சொன்னவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். 'மேற்படி' என்பதற்கு 'ஷை' என்ற பழைய பத்திரக் குறியைப் போட்ட கடிதம் பத்திரத் தொழிலில் பழகிய கையைக் காட்டும். பகை கொண்ட மனத்தைக் காட்டாது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999 ஜூன் 29 சுற்றறிக்கையில், பெயரில்லாப் புகார்கள்மேல் நடவடிக்கை வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. ஊழியர்களை அலைக்கழிக்கும் கருவியாக அவை மாறியிருந்ததே காரணம்.

சொல்லும் பிழையும் மறைக்கப்பட்டாலும் மறைக்க முடியாத ஓர் அடுக்கு உண்டு. அதை எண்ணித்தான் காண வேண்டும். 'எனவே', 'ஆகவே', 'ஆகையால்', 'ஆதலால்', 'அதனால்' ஐந்தும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன. ஒருவர் எதை அடிக்கடி எடுக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. 'என்று' எழுதுபவர், 'என' எழுதுபவர்; 'போல', 'போன்று'; 'இல்லை', 'கிடையாது'; இரண்டு பெயர்களை 'உம்' கொண்டு இணைப்பவர், 'மற்றும்' போடுபவர்; வல்லினம் மிகும் இடத்தில் விடாமல் ஒற்றுப் போடுபவர், ஒருபோதும் போடாதவர். கருத்தோடு தொடர்பில்லாத இந்தச் சிறு தேர்வுகளின் விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். இந்த வழியை உலகறியச் செய்தது 1964இல் வெளிவந்த மாஸ்டெல்லர், வாலஸ் ஆய்வு. அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து 1787, 1788 ஆண்டுகளில் புனைபெயரில் வெளிவந்த கட்டுரைகளில் பன்னிரண்டை எழுதியவர் ஹாமில்டனா மாடிசனா என்று நெடுங்காலம் வழக்கிருந்தது. ஹாமில்டன் அடிக்கடி கையாண்ட ஓர் இடைச்சொல் மாடிசனிடம் அபூர்வம். அப்படிப்பட்ட சொற்களை எண்ணி, பன்னிரண்டும் மாடிசனுடையவை என்று அவர்கள் முடிவு கூறினர்.

தமிழில் இதே கேள்வி பாரதியிடம் எழுந்தது. 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அவர் எழுதியவற்றில் பலவற்றுக்குக் கையொப்பமில்லை. ஆசிரியராகப் பதிவானவரும் வேறொருவர். 1908இல் அரசு ராஜத்துரோக வழக்குத் தொடுத்தபோது சிறை சென்றவர் அந்தப் பதிவு ஆசிரியர் சீனிவாசன். பாரதி புதுச்சேரிக்குப் போனார். எழுதியது யார் என்று நிறுவும் பாட்டை ஆங்கில அரசு மேற்கொள்ளவில்லை, தாளில் பெயர் இருந்தவரைப் பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், அந்தக் கையொப்பமில்லாக் கட்டுரைகளைச் சென்னைப் புள்ளியியலாளர்கள் எடுத்து, பாரதி, ஜி. சுப்பிரமணிய ஐயர், திரு.வி.க. மூவரின் நடையோடும் சொல்லமைப்பையும் இடைச்சொற்களையும் கொண்டு ஒப்பிட்டார்கள். இந்த நடையளவை நடந்தது குற்றவாளியைத் தேடி அல்ல, கவிஞரைத் தேடி.

முறையின் எல்லையையும் தமிழ் இதழுலகமே காட்டும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எஸ். ரங்கராஜன், தம் மனைவி சுஜாதாவின் பெயரில் எழுதினார். எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் இரண்டு பத்தியில் வாசகர் பிடித்திருப்பார். இன்னொரு ரங்கராஜனான ரா.கி., 'குமுதம்' இதழில் சூர்யா, ஹம்சா, கிருஷ்ணகுமார், மாலதி எனப் பல பெயர்களில் எழுதி ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நடை வைத்துக்கொண்டார். எல்லாம் ஒரே கை என்று வாசகர் பலர் அறியவில்லை. தேர்ந்த எழுத்தாளரால் நடையை மாற்ற முடியும் என்றால், தேர்ந்த குற்றவாளியாலும் முடியும். ஆனால் மிரட்டல் கடிதம் எழுதுபவர் பெரும்பாலும் ஆத்திரத்தில் எழுதுகிறார், ரா.கி.க்கு இருந்த நிதானம் அவருக்கு இருப்பதில்லை.

தடய மொழியியல் ஒரு துறையாகப் பிறந்தது குற்றவாளியைப் பிடிக்க அல்ல, தூக்கிலிடப்பட்டவருக்கு நியாயம் தேட. லண்டனில் தம் குழந்தையைக் கொன்றதாக டிமதி எவன்ஸ் 1950இல் தூக்கிலிடப்பட்டார். அதே வீட்டில் குடியிருந்த வேறொருவர் தொடர்கொலையாளி என்பது பின்னர் வெளிப்பட்டது. எவன்ஸின் வாக்குமூலங்களை ஆராய்ந்த ஸ்வீடன் மொழியியலாளர் யான் ஸ்வார்ட்விக், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பகுதிகளின் இலக்கணம் மற்றப் பகுதிகளின் இலக்கணத்தோடு பொருந்தவில்லை என்று 1968இல் காட்டினார். 1953இல் தூக்கிலிடப்பட்ட டெரெக் பென்ட்லியின் வாக்குமூலத்தில், 'பிறகு' என்ற பொருளுடைய சொல் எழுவாய்க்குப் பின்னால் அளவுக்கு மீறி வருவதை மொழியியலாளர் மால்கம் கூல்தார்ட் எண்ணிக் காட்டினார். அது காவலர் அறிக்கைகளின் நடை, சாதாரண மனிதர் பேச்சில் அபூர்வம். 1998 ஜூலை 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பென்ட்லியின் தண்டனையை ரத்து செய்தது. இந்தியாவில் காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. 1872இலிருந்தே சட்டம் அப்படி. ஆனாலும் 'நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன்' என்று தொடங்கும் சாட்சி வாக்குமூலங்கள் எல்லாம் ஒரே வாயிலிருந்து வந்தவை போலிருப்பது நீதிமன்றத்துக்குப் போனவர் எவருக்கும் தெரிந்ததே. அவற்றின் மொழி இங்கே ஆராயப்பட வேண்டிய ஒன்று.

குற்றவாளியைப் பிடித்ததில் பெரும்புகழ் பெற்றது 'யூனாபாமர்' வழக்கு. 1978 முதல் 1995 வரை அமெரிக்காவில் அஞ்சல் குண்டுகளால் மூவரைக் கொன்று இருபதுக்கும் மேற்பட்டோரைக் காயப்படுத்தியவர், தம் 35,000 சொல் அறிக்கையை வெளியிட்டால் குண்டு வைப்பதை நிறுத்துவதாகச் சொன்னார். 1995 செப்டம்பரில் 'வாஷிங்டன் போஸ்ட்' அதை வெளியிட்டது. படித்த டேவிட் கசின்ஸ்கிக்கு, அதிலிருந்த அபூர்வமான ஒரு தொடர் தம் அண்ணன் டெட் கடிதங்களில் எழுதுவது என்று பட்டது. கேக்கைத் தின்பதையும் வைத்திருப்பதையும் பற்றிய ஆங்கிலப் பழமொழியை, இன்று எல்லாரும் சொல்லும் வரிசையை விட்டுப் பழைய வரிசையில் எழுதும் பழக்கம் அறிக்கையிலும் அண்ணனின் கடிதத்திலும் இருந்தது. எஃப்.பி.ஐ. அதிகாரி ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் தலைமையில் செய்த ஒப்பீடு, டெட்டின் மொன்டானா மாநிலக் குடிசையைச் சோதனையிட ஆணை பெறுவதற்குப் பயன்பட்டது. 1996 ஏப்ரலில் குடிசைக்குள் குண்டும் அறிக்கையின் மூலமும் கிடைத்தன. பட்நாகரில் உடன் பணியாற்றியவர், மொன்டானாவில் தம்பி: இரண்டிலும் முதலில் உணர்ந்தவர் நெருங்கிய வாசகரே. இரண்டிலும் மொழி தேடலுக்கு வழிவிட்டது, தண்டனைக்கு வேறு சான்று கிடைத்தது.

தவறிப்போன கதையும் உண்டு. ஷேக்ஸ்பியர் ஆய்வால் பெயர் பெற்ற டொனால்ட் ஃபாஸ்டர், 2001 ஆந்த்ராக்ஸ் கடிதங்களை எழுதியவர் என்று ஸ்டீவன் ஹாட்ஃபில் என்ற அறிவியலாளரைச் சுட்டும் கட்டுரையை 2003இல் வெளியிட்டார். ஹாட்ஃபில் வழக்குத் தொடுத்தார். 2007இல் சமரசம் ஆயிற்று. கடைசியில் எஃப்.பி.ஐ. சுட்டியது வேறொருவரை. ஷேக்ஸ்பியருடையது என்று முன்பு தாம் சொன்ன ஓர் இரங்கற்பாவையும் ஃபாஸ்டர் 2002இல் திரும்பப் பெற்றிருந்தார். கண்ணில் பட்ட ஒற்றுமையை அடுக்குவதும், அந்த ஒற்றுமை மற்றவர்களிடம் எவ்வளவு அபூர்வம் என்று அளப்பதும் வேறுவேறு. பின்னது இல்லாமல் முன்னதற்கு மதிப்பில்லை. நாலு பேரில் மூவர் 'ஆகவே' எழுதும் ஊரில் 'ஆகவே' எதையும் நிரூபிக்காது.

இன்றைய மிரட்டல் பெரும்பாலும் மின்னஞ்சலில் வருகிறது. 2024 அக்டோபரில் திருச்சி நகரின் பள்ளிகள், கல்லூரிகள் பலவற்றுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்து, சோதனையில் ஒன்றும் கிடைக்காமல் முடிந்தது. 2025 ஜூனில், பல மாநிலங்களுக்கு இப்படி மின்னஞ்சல் அனுப்பியதாகச் சென்னைப் பெண் பொறியாளர் ஒருவரை அகமதாபாத் காவல்துறை கைது செய்தது. தம்மை மணக்காத ஒருவரை மாட்டிவிட அவர் பெயரில் அனுப்பினார் என்பது குற்றச்சாட்டு. அங்கே பிடி கொடுத்தது இணையக் கணக்கில் நேர்ந்த தவறு, மொழி இல்லை. ஆனால் ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதும் வழக்குகளில்தான் மொழி ஒப்பீடு நன்றாக வேலை செய்யும், இருவரின் உண்மையான எழுத்தும் கையில் இருப்பதால். இங்கிலாந்தில் 2005இல் காணாமற்போன இளம்பெண்ணின் கைப்பேசியிலிருந்து வந்த குறுஞ்செய்திகள் அவர் எழுதியவை அல்ல என்பதைத் தன்மைப் பெயரை எழுதும் விதம் காட்டிக்கொடுத்தது. 2008இல் கொலையாளி தண்டிக்கப்பட்டார். தமிழை ரோமன் எழுத்தில் தட்டும் வழக்கம் இதற்கு மேலும் இடம் தருகிறது. 'ழ'வுக்கு 'இசட்', 'எச்' இரண்டையும் போடுபவர், வெறும் 'எல்' போடுபவர்; 'து'வுக்கு 'டி எச்' அடிப்பவர், 'டி' மட்டும் அடிப்பவர்; இரட்டை மெய்யை விடாமல் எழுதுபவர், விழுங்குபவர். பள்ளி இதைச் சொல்லித் தருவதில்லை; ஆகவே ஒவ்வொருவரும் தனக்கென ஒரு முறை வைத்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தரும் கடிதத்தில் இவை எல்லாம் கரைந்துபோகும்.

சட்டத்தில் இதற்கு இடம் எங்கே? பெயரை மறைத்து மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 351(4) பிரிவின்படி மிரட்டலுக்கான தண்டனையோடு மேலும் இரண்டாண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். கையெழுத்து நிபுணர் பதவி 1904இல் வங்காளத்தில் உருவாகி, 1906இல் சிம்லாவுக்கு மாறியது. அன்றுமுதல் கையெழுத்துக்கு நிபுணர் உண்டு, நடைக்கு இல்லை. 1872 சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அயல்நாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து, விரல்ரேகை ஆகியவற்றில் நிபுணர் கருத்தை ஏற்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 39ஆம் பிரிவு இந்தப் பட்டியலில் 'வேறு எந்தத் துறையும்' என்று சேர்த்திருக்கிறது. மொழியியலாளர் சாட்சிக் கூண்டில் ஏறத் தடையில்லை. மாதிரி எழுத்துத் தரும்படி குற்றம்சாட்டப்பட்டவருக்கு ஆணையிடுவது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்படி கட்டாயப்படுத்துவதாகாது என்று 1961இல் காத்தி காலு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சொல்லச் சொல்ல எழுதிய மாதிரி கையெழுத்துக்குத்தான் உதவும். நடைக்கு அவராக எழுதிய பழைய கடிதங்களும் செய்திகளும் வேண்டும். கீழ் நீதிமன்றத்தில் தமிழில் படிக்கப்படும் கடிதம் உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பாகப் போகிறது. அதில் 'அப்பாயி'யும் 'அப்பத்தா'வும் ஒரே பாட்டியாகிவிடுவார்கள்.

தமிழில் இந்தத் துறைக்கு முதலில் வேண்டியது கணினி நிரல் அல்ல, ஒப்பிட்டுப் பார்க்க மாவட்டவாரியாகத் திரட்டிய சாதாரண மனிதர்களின் எழுத்துத் தொகுப்பு: மனுக்கள், கடிதங்கள், குறுஞ்செய்திகள். வட்டாட்சியர் அலுவலகங்களில் வாரந்தோறும் குவியும் மனுக்களே, பெயர்களை நீக்கிவிட்டால், அதற்குப் போதுமான மூலப்பொருள். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் மாநிலத் தடய அறிவியல் துறையும் சேர்ந்து அந்த வேலையைத் தொடங்க வேண்டும். அதுவரை, மொட்டைக் கடிதத்தின் நடையைப் பற்றிய எந்த நிபுணர் கருத்தையும் நீதிமன்றம் புலனாய்வுக் குறிப்பாக மட்டுமே கொள்வது நல்லது.